பெயர்த்தகடு இல்லாத இரண்டு சிலிண்டர் கடல் எஞ்சின்: எந்த நிறுவனத்தின் தயாரிப்பு?

கரைவலை (கேள்வி):

தூத்துக்குடியில் உடைப்பதற்காகக் கரையேற்றப்பட்டிருந்த பழைய மர லாஞ்சு ஒன்றிலிருந்து இறக்கிய எஞ்சினைப் பற்றி, விவரம் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். எஞ்சினின் பக்கவாட்டில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் திருகுத் துளைகள் மட்டுமே எஞ்சியுள்ளன. தகட்டை எவர் எப்போது கழற்றினார் என்று லாஞ்சின் கடைசி உரிமையாளருக்கும் தெரியவில்லை. மேலே பல முறை பெயிண்ட் அடிக்கப்பட்டிருப்பதால் வார்ப்பில் எழுத்து ஏதேனும் இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படவில்லை.

நான் கண்டவரை விவரிக்கிறேன். நிமிர்ந்து நிற்கும் இரண்டு பெரிய சிலிண்டர்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹெட்; முன்புறம் கனத்த பிளைவீல்; பின்புறம் முன்னும் பின்னும் செலுத்துவதற்கான கியர். ஒவ்வொரு ஹெட்டின் மேலும் இரண்டு வால்வுகளும், அவற்றைத் தள்ளும் நீண்ட தண்டுகளும் உள்ளன. எனக்குக் குழப்பம் தருவது இதற்குப் பிறகுதான். ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் நாசிலும் இருக்கிறது, ஸ்பார்க் பிளக்கும் இருக்கிறது. ஒருபுறம் டீசல் பம்பு; அதே எஞ்சினில் பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவும் சிறிய கார்புரேட்டரும் பொருத்தப்பட்டுள்ளன. ஹெட்டுகளை ஒட்டி ஒரு தண்டு நீளவாக்கில் ஓடுகிறது. அதன் முனையில் இரு நிலைகளுக்கு மாற்றக்கூடிய கைப்பிடி ஒன்று இருக்கிறது.

இங்குள்ள மெக்கானிக்குகளில் ஒருவர், இது பெட்ரோல் எஞ்சினாக வந்து பின்னர் ஏதோ ஒரு பட்டறையில் டீசலுக்கு மாற்றப்பட்டது என்கிறார். துறைமுகத்தில் நெடுநாள் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், அக்காலத்தில் விளக்கு வைத்துத் தலையைச் சூடாக்கி ஓட்டிய எஞ்சின் வகையைச் சேர்ந்தது என்கிறார். பழைய இரும்பு எடுக்கும் அண்ணாச்சியோ இரண்டு கருத்தைப் பற்றியும் கவலைப்படாமல் எடைக்கு விலை பேசிவிட்டார். எடைக்குப் போடலாமா, காப்பாற்ற வேண்டிய பொருளா என்பதைத் தீர்மானிக்க, இது என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

சூளை (பதில்):

பெரியவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அவர் குறிப்பிடும் வகை உண்மையானது, ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்பவர் 1890-இல் காப்புரிமை பெற்ற கருத்தை, இங்கிலாந்தின் கிராந்தம் நகரிலிருந்த ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் எஞ்சினாகச் செய்து விற்றது. பின்னர் ஸ்டாக்ஹோமின் பொலிண்டர், ஆம்ஸ்டர்டாமின் குரோம்ஹவுட் முதலிய நிறுவனங்கள் அதைக் கடலுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தன. ஹெட்டில் வெற்று இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். அதை ஊதுவிளக்கால் நன்கு காய்ச்சி, பிளைவீலை ஆட்டிவிட்டால், குமிழின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் எரிதலின் வெப்பமே குமிழைச் சூடாக வைத்திருப்பதால் விளக்கை எடுத்துவிடலாம்.

ஆனால் தாங்கள் தரும் விவரங்கள் இவ்வகையுடன் பொருந்தவில்லை. கடலில் ஓடிய குமிழ் எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு வீச்சில் (டூ-ஸ்ட்ரோக்) இயங்குபவை. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று கிராங்க் அறையில் நெருக்கப்பட்டு, சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களின் வழியே மேலேறும். ஆகவே அவற்றின் தலையில் வால்வும் இராது, வால்வைத் தள்ளும் தண்டும் இராது. மேலிருந்து பார்த்தால் குமிழும் எண்ணெய் நாசிலும் தவிர வேறெதுவும் தென்படாத மொட்டைத் தலையாக இருக்கும். தாங்கள் இரண்டு வால்வுகளையும் தள்ளுதண்டுகளையும் கண்டதாகச் சொல்கிறீர்கள். அது நான்கு வீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சினின் அடையாளம்.

கியர் இருப்பதும் இன்னொரு சான்று. பழைய பொலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் பின்னோக்கிச் செல்லக் கியரே கிடையாது. வேகத்தைக் குறைத்து, பிஸ்டன் மேலேறி வரும்போதே எண்ணெயை முன்கூட்டிப் பீய்ச்சி, எஞ்சினையே எதிர்த்திசையில் சுழல வைத்துவிடுவார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளின் சிறிய படகுகளிலோ புரொப்பெல்லரின் இதழ்களைத் திருப்பும் கைச்சக்கரம் இருக்கும். தங்கள் எஞ்சினில் இவை எதுவும் இல்லையென்றால் அந்தக் குடும்பத்தை விட்டுவிடலாம். பெரியவர் வேறொரு லாஞ்சில் அத்தகைய எஞ்சினைப் பார்த்திருக்கக்கூடும். இந்த எஞ்சின் அதுவன்று.

நங்கூரம் (பதில்):

சூளை அவர்களின் பதிலோடு உடன்படுகிறேன். மெக்கானிக்கின் கருத்தைப் பொறுத்தவரை, அது முதல் பார்வையில் நியாயமாகத் தோன்றினாலும் நிற்காது. பெட்ரோல் எஞ்சினை டீசலுக்கு மாற்றும் பட்டறைக்காரர் பிளக்கையும் மேக்னெட்டோவையும் கார்புரேட்டரையும் கழற்றி விற்றுவிடுவார். அவற்றை அப்படியே விட்டுவைத்து, இயங்கும் நிலையில் கைப்பிடியோடு இணைத்திருக்க மாட்டார். இரண்டு ஏற்பாடுகளும் ஒரே தண்டால் கட்டுப்படுத்தப்படுகின்றன என்றால், இரண்டும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை என்றே கொள்ள வேண்டும்.

அதாவது இது பெட்ரோலில் தொடங்கி டீசலுக்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட எஞ்சின். காரணம் எளியது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டுமானால் உள்ளிழுத்த காற்றைப் பதினைந்து மடங்கு அளவுக்கு நெருக்க வேண்டும். பெரிய சிலிண்டரில் அந்த நெருக்கத்தை எதிர்த்துக் கையால் கிராங்க் சுற்றுவது எவருக்கும் இயலாது. மின்மோட்டாரும் பேட்டரியும் உப்பு ஈரத்தில் நம்பத்தகாதவையாக இருந்த காலத்தில், சில பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். பிளக் பொருத்தப்பட்ட துணை அறை ஒன்றைக் கைப்பிடியால் திறந்துவிட்டால் சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவு கூடி, நெருக்கம் குறைந்துவிடும். அந்நிலையில் கையால் சுற்றினால் எஞ்சின் பெட்ரோலில் எளிதாகப் பற்றும். சற்று ஓடிச் சூடேறியதும் கைப்பிடியை மறுபக்கம் தள்ள வேண்டும். துணை அறை மூடிக்கொள்ளும், பெட்ரோல் வழி அடைபடும், டீசல் பம்பு வேலையைத் தொடங்கும். நம் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சின்களைப் பெட்ரோலில் எழுப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்களே, அதே பழக்கம்தான். இங்கே நெருக்கமும் சேர்ந்து மாறுகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

கடல் எஞ்சின்களில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பெற்றவை கிளாஸ்கோவின் கெல்வின் டீசல்கள். அவற்றுள் ஜே வரிசை சிறியது, கே வரிசை பெரியது. இருந்தாலும் சொல்லால் மட்டும் முடிவுகட்ட வேண்டாம். மூன்று அளவுகள் எடுத்துத் தாருங்கள். ஒன்று, சிலிண்டரின் உள்விட்டம். இரண்டு, பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரம். மூன்று, அரை அங்குல அளவுள்ள ஏதாவது ஒரு போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது. மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். அரை அங்குலத்தில் 12 மரை இருந்தால் பிரிட்டனின் விட்வொர்த் முறை. 13 இருந்தால் அமெரிக்க முறை. விட்டம் 12 மில்லிமீட்டரும் மரை இடைவெளி 1.75 மில்லிமீட்டரும் வந்தால் ஐரோப்பிய மெட்ரிக் முறை. பெயர்த்தகட்டை எவரும் பிடுங்கிவிடலாம். நூற்றுக்கணக்கான மரைகளை எவரும் மாற்றி வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கரைவலை:

இருவருக்கும் நன்றி. லாஞ்சை உடைத்தவர்கள் ஒரு சிலிண்டரின் ஹெட்டை ஏற்கெனவே கழற்றியிருந்ததால் அளவெடுப்பது எளிதாயிற்று. உள்விட்டம் 152 மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல்; தேய்மானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிஸ்டனின் நகர்வு ஏறத்தாழ 229 மில்லிமீட்டர். கியர் உறையில் இருந்த போல்ட்டின் விட்டம் 12.7 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 12 மரைகள். எங்கள் பட்டறையிலுள்ள மில்லிமீட்டர் ஸ்பேனர்களில் ஒன்றுகூட நட்டுகளைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கான காரணமும் இப்போது விளங்குகிறது.

மேக்னெட்டோவின் மேல் பிடிஹெச் என்ற எழுத்துகள் தெரிகின்றன. ஹெட்டின் மேல் புடைப்பாக வார்க்கப்பட்ட எண் ஒன்று இருக்கிறது. இரண்டு ஹெட்டிலும் அதே எண்தான். பெயிண்டைக் கரைத்துப் பார்த்தபோது கிராங்க் அறையின் மேல்விளிம்பில் உளியால் அடித்தது போன்ற வேறொரு எண் தென்பட்டது. இவற்றுள் எது எஞ்சினின் எண்? மேலும், நண்பர் ஒருவர் இது கார்ட்னர் என்ற நிறுவனத்தின் எஞ்சினாக இருக்கலாம் என்கிறார். பழைய துறைமுக லாஞ்சுகளில் கார்ட்னர்களும் இருந்தன என்பது அவர் வாதம்.

இயந்திரக்கூடம் (பதில்):

கார்ட்னர் என்பதை ஒரே வரியில் விலக்கிவிடலாம். மான்செஸ்டர் அருகே பாட்ரிகிராஃப்டில் செய்யப்பட்ட கார்ட்னர் எல்டபிள்யூ வரிசையின் உள்விட்டம் நாலேகால் அங்குலம், வீச்சு, அதாவது பிஸ்டனின் நகர்வு, 6 அங்குலம். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது.

தங்கள் அளவுகளை அங்குலத்துக்கு மாற்றுங்கள். 6 அங்குலம் என்பது 152.4 மில்லிமீட்டர், 9 அங்குலம் என்பது 228.6 மில்லிமீட்டர். ஆறுக்கு ஒன்பது என்பது கெல்வின் கே வரிசையின் அளவு. இரண்டு சிலிண்டர் என்பதால் இது கே2. நிமிடத்துக்கு 750 சுற்றில் சிலிண்டருக்கு 22 குதிரைத்திறன் வீதம், மொத்தம் 44. இதே வரிசையில் மூன்று சிலிண்டர் கே3-க்கு 66, நான்கு சிலிண்டர் கே4-க்கு 88 எனக் கணக்கு நேராகவே செல்லும்.

இந்த 44 என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவே நாலு லிட்டருக்கு மேல். இரண்டும் சேர்ந்து 8.3 லிட்டர். ஏறத்தாழ இதே கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் கார்ட்னர் 6எல்டபிள்யூ 1700 சுற்றில் 102 குதிரைத்திறன் தந்தது. ஆயினும் மீனவர்கள் கெல்வினை விரும்பியதற்குக் காரணம் அந்த மெதுவான சுற்றேதான். பெரிய இதழ்களையுடைய புரொப்பெல்லரை, இடையில் வேகம் குறைக்கும் பற்சக்கரம் இல்லாமலே, நேரடியாகச் சுழற்ற 750 சுற்று ஏற்றது. வலை இழுக்கும் படகுக்கு வேண்டியது அந்த இழுவைதான். ஸ்காட்லாந்தின் மீன்பிடித் துறைகளில் கே வரிசை நிலைத்து நின்றது அதனால்தான் என்பது என் எண்ணம்.

எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு ஹெட்டிலும் ஒன்றாக இருக்கும் புடைப்பு எண், வார்ப்பு அச்சின் எண். அதே வகையில் செய்த எல்லா ஹெட்டுகளிலும் அது இருக்கும்; அதை வைத்து உதிரிப்பாகத்தை அடையாளம் காணலாமே தவிர, இந்த எஞ்சினின் வயதைச் சொல்ல முடியாது. கிராங்க் அறையில் அடித்துப் பதித்த எண்தான் தனி எஞ்சினுக்குரியது. அதைக் கம்பித்தூரிகையால் தேய்க்காதீர்கள். பெயிண்ட் கரைப்பானால் ஊறவைத்து, துணியால் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் மென்மையாகத் தேய்த்துப் பிரதி எடுங்கள். ஒளிப்படத்தில் 3-உம் 8-உம் குழம்பும் இடத்தில் பென்சில் பிரதி தெளிவாக இருக்கும்.

பிடிஹெச் என்பது இங்கிலாந்தின் ரக்பி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, மேக்னெட்டோக்களைச் செய்து பல நிறுவனங்களுக்கு விற்ற பிரிட்டிஷ் தாம்சன்-ஹூஸ்டன். மேக்னெட்டோ, நாசில், டீசல் பம்பு ஆகியவை பெரும்பாலும் வெளியில் வாங்கிப் பொருத்தப்படுபவை. பழுதானால் வேறு நிறுவனத்துடையதும் வந்து உட்காரும். அவற்றிலுள்ள பெயரை எஞ்சினின் பெயராக எடுத்துக்கொண்டு தவறான தடத்தில் போனவர்கள் பலர்.

சூளை:

கெல்வின் என்ற பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். அந்த லாஞ்சிலிருந்து பித்தளைத் திசைகாட்டியோ ஆழமானியோ கிடைத்து, அதிலும் கெல்வின் என்று இருந்தால், அதை எஞ்சினுக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். விஞ்ஞானி கெல்வின் பிரபுவின் கருவிகளைச் செய்த நிறுவனமும் கிளாஸ்கோவில்தான் இருந்தது. அது கெல்வின், பாட்டம்லி அண்ட் பேர்ட் என்றும், 1947-க்குப் பிறகு கெல்வின் அண்ட் ஹியூஸ் என்றும் இயங்கியது. எஞ்சின் செய்தது பெர்ஜியஸ் நிறுவனம். அது முற்றிலும் வேறு.

பெர்ஜியஸ் கதை இங்கே பொருத்தமானது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்டர் பெர்ஜியஸ் 1904-இல் கிளாஸ்கோவில் கார் செய்யத் தொடங்கினார். கார் வியாபாரம் சோபிக்கவில்லை. 1906-இல் அந்தக் கார் எஞ்சினைப் படகு ஒன்றில் பொருத்திப் பார்த்தபோது அது நன்றாக ஓடியது. அதன்பின் காரைக் கைவிட்டு, டாபீஸ் லோன் தெருவிலிருந்த தொழிற்சாலையில் படகு எஞ்சின்களையே செய்தார்கள். முதல் கால் நூற்றாண்டில் அவர்கள் விற்றவை பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியவை. 1930-களின் தொடக்கத்தில் டீசலுக்கு வந்தபோது, தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கைவந்த அந்தத் தொடக்க முறையை அவர்கள் விட்டுவிடவில்லை. கரைவலை அவர்களின் எஞ்சினில் பிளக்கும் நாசிலும் அருகருகே நிற்பதற்கு இந்த வரலாறே காரணம். அதனால்தான் அதைப் பட்டறை மாற்றம் என்று மெக்கானிக் நினைத்ததும் வியப்பில்லை.

நங்கூரம்:

அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனமும் 1930-களிலிருந்து பெட்ரோலில் தொடங்கும் டீசல்களைச் செய்தது. அவை முதன்மையாக டிராக்டர்களுக்கானவை. நான்கு அல்லது ஆறு சிலிண்டர்கள் கொண்டவை, போல்ட்டுகள் அமெரிக்க மரை. தங்கள் எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் விட்வொர்த் மரையும் இருப்பதால் அந்த ஐயத்துக்கும் இடமில்லை. கே2 என்றே நானும் முடிவு செய்கிறேன்.

கே வரிசை 1970-கள் வரை தொடர்ந்து செய்யப்பட்டது. ஆகவே எஞ்சின் எந்த ஆண்டினது என்பதைத் தோற்றத்தை வைத்துச் சொல்ல முயலாமல், பதித்த எண்ணை வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் பழைய கெல்வின்களைப் பராமரிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எண்ணின் பிரதியோடு, கைப்பிடி, கார்புரேட்டர், பெயர்த்தகட்டுத் துளைகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றின் படங்களையும் அனுப்புங்கள். துளைகளின் இடைவெளி தெரிந்தால் சரியான தகட்டைக்கூடத் தேடிப் பொருத்த முடியும்.

எடைக்குப் போடுவதா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. முழுமையான கே2 ஒன்றில் முதலில் காணாமற்போவது பித்தளை, வெண்கலப் பாகங்கள்தாம்: தண்ணீர்ப் பம்பு, குழாய் இணைப்புகள், கார்புரேட்டர், கைப்பிடியின் புஷ்கள். தங்கள் எஞ்சினில் இவை இன்னும் இருப்பதுதான் அதன் பெரிய மதிப்பு. அண்ணாச்சியிடம் முடியாது என்று சொல்வதற்கு முன்பே அவற்றைப் பூட்டிய அறைக்குள் வைத்துவிடுங்கள்.

கரைவலை:

அவை வெளியில்தான் கிடந்தன. எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த கேள்வி, இதை ஓடவைக்க முயலலாமா? திறந்த சிலிண்டரில் மேல்துரு இருக்கிறது. மற்றது நகர்கிறதா என்று பிளைவீலைத் தள்ளிப் பார்த்ததில் சற்று அசைந்தது.

இயந்திரக்கூடம்:

அசைகிறது என்றால் நல்ல செய்தி. ஆனால் இப்போது மேலும் தள்ள வேண்டாம். திறந்த சிலிண்டரின் துருவைத் துடைத்து, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். மூடிய சிலிண்டரில் பிளக்கைக் கழற்றி அந்த வழியாகவே ஊற்றலாம். கிராங்க் அறையின் பக்கக் கதவுகளைத் திறந்து, பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டு, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றைக் கடல்நீரை நேரடியாகச் சுற்றவிட்டே குளிர்வித்தார்கள். பல ஆண்டுகள் உப்புநீர் ஓடியபின் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் உறை உள்ளிருந்து அரித்து மெலிந்திருக்கும்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓட்டிப் பார்ப்பதற்கு முன், நீர் உறையின் வாய்களை அடைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் மிதமான அழுத்தம் கொடுத்து ஓரிரவு விட்டுப் பாருங்கள். கசிந்தால் அந்த எஞ்சினை ஓட்டும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, காட்சிக்குரிய பொருளாகப் பேணுவதே நல்லது.

கசியவில்லை என்றாலும் பெட்ரோல் பக்கத்தை முழுமையாகச் சரிபார்க்காமல் கிராங்கைத் தொடாதீர்கள். துணை அறையை மூடும் வால்வு துருவால் பாதியில் நின்றுவிட்டால், கைப்பிடியை டீசலுக்குத் தள்ளியபின்னும் நெருக்கம் முழுதாக ஏறாது. எஞ்சின் நிற்கும், அல்லது தடுமாறும். அதற்கு நேர்மாறாகப் பெட்ரோல் நிலையிலேயே வால்வு மூடியிருந்தால், முழு நெருக்கத்தை எதிர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும்; கிராங்கின் கைப்பிடி பின்னோக்கி உதைக்கக்கூடும். மணிக்கட்டை முறிக்க அது போதும். ஆகவே அந்த நீளத் தண்டைக் கழற்றாமல், இரண்டு நிலைகளிலும் ஒவ்வொரு சிலிண்டரின் வால்வும் எங்கே நிற்கிறது என்பதை முதலில் படமெடுத்து இங்கே இடுங்கள். அதைப் பார்த்தபின் அடுத்த வேலையைப் பேசலாம்.